இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டை வீட்டிலேயே மாட்டலாமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 6

என் பிக்கப்பின் உயரத்தைக் கூட்ட லிஃப்ட் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்பக்கத்துக்கு ஸ்பேசர் என்ற இடைத்துண்டு, பின்பக்கத்துக்கு ஆக்சில் மேல் வைக்கும் பிளாக். பெட்டியின் மேல் 2 அங்குலம் என்று அச்சிட்டிருக்கிறது. பிளாக் 2 அங்குலம் இருக்கிறது. முன் ஸ்பேசரை அளந்தால் ஒரு அங்குலம்தான் வருகிறது. தவறான பொருளை அனுப்பிவிட்டார்களா? இன்னொன்று: நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுகிற வேலைதான், காலையில் தொடங்கினால் மாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார் நண்பர். அப்படித்தானா?

பிப்ரவரி 6, மாலை

சரியான பொருள்தான், திருப்பி அனுப்ப வேண்டாம். முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் வண்டிகளில், ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதியின் கீழ்முனை கீழ் ஆர்மின் ஏறக்குறைய நடுவில் மாட்டப்பட்டிருக்கும். ஆர்மின் உள்முனை சேஸிஸில் இருக்கிறது, வெளிமுனையில் சக்கரம் இருக்கிறது. நடுவில் ஒரு அங்குலம் கீழே தள்ளினால் வெளிமுனை ஏறக்குறைய இரண்டு அங்குலம் இறங்கும். பின்பக்கத்தில் ஆக்சில் ஒரே தண்டு. பிளாக் அதன் மேலேயே உட்காருவதால் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். முன்பக்கமும் ஒரே தண்டு ஆக்சில் கொண்ட வண்டியானால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஸ்பேசரின் உயரமே வண்டி உயரும் அளவு.

வீட்டில் செய்யலாம். என் வண்டிக்கு நானே செய்தேன், பிறகு நண்பர் ஒருவருடைய வண்டிக்கும் கூட இருந்து செய்தேன். ஆனால் "நான்கு போல்ட்டு" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. வண்டி ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் பிரேக் ஹோஸின் நீளம், ஷாஃப்டின் சாய்வு, ரப்பர் புஷ்ஷின் இருப்பு, ஹெட்லைட்டின் பார்வை எல்லாவற்றையும் தயாரிப்பாளர் அமைத்திருக்கிறார். உயரத்தை மாற்றுவது சுலபம். மற்ற எல்லாவற்றையும் அந்தப் புதிய உயரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 6, இரவு

கேட்க மறந்துவிட்டேன்: உங்கள் ஸ்பேசர் எங்கே உட்காருகிறது? தொகுதியின் தலைக்கு மேலே, சேஸிஸுக்கும் மேல் தட்டுக்கும் நடுவிலா? அல்லது தொகுதிக்குள்ளே, ஸ்பிரிங்குக்கும் மேல் தட்டுக்கும் நடுவிலா? ஸ்பேசரில் மூன்று ஸ்டட்டுகளும் (திருகுத் தண்டுகள்) மூன்று துளைகளும் இருந்தால் முதல் வகை. வெறும் வளையமாக இருந்தால் இரண்டாம் வகை.

முதல் வகையில் ஷாக் முழுவதுமே கீழே இறங்கி நிற்கிறது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது முன்பைவிடக் கீழே போகும். மேல் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் சிவி ஜாயின்ட்டும் அதிகமாக மடங்கும். சில வண்டிகளில் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கை உரசவும் செய்யும். பெரிய பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது, ஏற்றத்தை நிறுத்தும் ரப்பர் தடையான பம்ப் ஸ்டாப் தாங்குவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இரண்டாம் வகையில் ஷாக்கின் நீளம் மாறாது. ஸ்பிரிங்கை இன்னும் அழுத்திப் பூட்டி உயரத்தைப் பெறுகிறோம். சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறைகிறது. வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது மேலே "டக்" என்று ஒரு தட்டல் கேட்கும். அதோடு, இந்த வகைக்கு ஸ்பிரிங்கைக் கழற்றியாக வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பிப்ரவரி 7

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: மூன்று ஸ்டட்டுகள் இருக்கின்றனவாம். நல்லது. ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இந்தக் குறிப்பு.

தொகுதியின் தலையில் சுற்றிலும் மூன்று நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும். சுற்றியுள்ள மூன்றும் தொகுதியைச் சேஸிஸில் பிடித்திருக்கின்றன. நடுவில் இருப்பது அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிறது. நடு நட்டில் ஸ்பானரை வைக்கவே கூடாது. ஒரு மில்லிமீட்டர் சுருங்க 100 நியூட்டன் கேட்கிற ஸ்பிரிங் என்று கொள்ளுங்கள். பிக்கப்பின் முன்பக்கத்துக்கு இது சாதாரணம். அதை 100 மி.மீ. அழுத்திவைத்திருந்தால் உள்ளே 10,000 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடை தள்ளிக்கொண்டிருக்கிறது. சேர்ந்திருக்கும் ஆற்றல் 500 ஜூல். 50 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அளவு ஆற்றல் அது, ஒரே நொடிக்குள், உங்கள் முகத்துக்கு நேராக.

இரண்டு கொக்கிக் கம்பிகளை வைத்துத் திருகும் மலிவான ஸ்பிரிங் கம்ப்ரெஸ்ஸரைக் கொண்டு இதைச் செய்கிற காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன். கொக்கி வழுக்கினால் தப்பிக்க நேரம் கிடையாது. தொகுதியைக் கழற்றி, சுவரில் பதித்த கம்ப்ரெஸ்ஸர் இருக்கும் பட்டறைக்கு எடுத்துச் சென்று, ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் அங்கே முடித்துக்கொண்டு வாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வீட்டில் செய்வதன் பெருமை இதனால் துளியும் குறையாது.

பிப்ரவரி 8

தொடங்குவதற்கு முன்.

முந்தின நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிடுங்கள். காலையில் இன்னொரு முறை.

அளவை எடுங்கள், நான்கு சக்கரங்களிலும். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயரின் காற்று கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு மாறும். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். பல பிக்கப்புகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும். எரிபொருள் தொட்டி, பேட்டரி, ஓட்டுநர் இருக்கை எல்லாம் எந்தப் பக்கம் அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. முதலில் அளக்காதவர்கள் வேலை முடிந்த பிறகு சாய்வைக் கண்டு, கிட் மேல் பழி போட்டு மறுபடி எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள்.

தரை கெட்டியான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். மண்ணிலும் சரிவிலும் இந்த வேலை வேண்டாம். பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டுகளை முன் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், சேஸிஸின் நீளச் சட்டத்தின் கீழ் வையுங்கள். வைத்த பிறகு வண்டியை நன்றாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்தின் கீழ் படுக்க வைத்துவிடுங்கள்.

பிப்ரவரி 8, பின்னிரவு

"என் வண்டியில் ஜாக்கி மட்டும் வைத்து எத்தனையோ முறை செய்திருக்கிறேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே எடையைத் தாங்குவது ஒரு ரப்பர் சீல். அது தளரும்போது முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி விவாதிக்க எனக்கு விருப்பமில்லை.

பிப்ரவரி 10

முன்பக்கம். என் கைப்பழக்கம் எந்த வரிசையில் போகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

முதலில், இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்குகளைக் கழற்றுங்கள், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பார் முறுகி நின்று ஆர்மைக் கீழே இறங்க விடாது. பிறகு நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதி) கவ்வியிருக்கும் பிரேக் ஹோஸின் பிடிப்பு, ஏபிஎஸ் கம்பியின் கிளிப்புகள். இவை சின்ன வேலைகள், ஆனால் மறந்தால் ஆர்ம் இறங்கும்போது கம்பி அறுந்துபோகும். பிரேக் காலிப்பரைக் கழற்றுவதாக இருந்தால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சட்டத்தில் கட்டுங்கள்.

அடுத்து மேல் பால் ஜாயின்ட். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, சில புரிகள் பிடித்திருக்கும்படி விட்டுவிடுங்கள். முழுதாகக் கழற்றினால் பால் ஜாயின்ட்டின் கூம்புத் தண்டு விடுபடும் கணத்தில் நக்கிள் முழுவதும் வெளியே சாய்ந்து விழும். அப்படி விழுந்தால் ஹோஸ் இழுபடும், சிவி ஷாஃப்டின் உள் ஜாயின்ட் பிரிந்துபோகும். நக்கிள் இரும்பானால், பால் ஜாயின்ட் நுழைந்திருக்கும் தடித்த பகுதியின் பக்கவாட்டில் சுத்தியலால் அழுத்தமாகச் சில அடிகள் போதும். கூம்பு தானாக விடுபடும். அலுமினிய நக்கிளானால் சுத்தியலை எடுக்காதீர்கள், புல்லரைப் பயன்படுத்துங்கள். கவை போன்ற ஆப்பை நடுவில் அடித்து நுழைப்பவர்கள் ரப்பர் உறையைக் கிழித்துவிடுகிறார்கள். தண்ணீரும் மணலும் உள்ளே போன பால் ஜாயின்ட் நீடிக்காது.

கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கியை லேசாகத் தாங்க வைத்துக்கொண்டு, தொகுதியின் கீழ் போல்ட்டை எடுத்து, மேலே மூன்று நட்டுகளைக் கழற்றினால் தொகுதி வெளியே வரும். வருவதற்கு முன் வெளிப்பக்கம் எது என்று சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். ஸ்பேசரை அதன் தலையில் பூட்டித் திரும்ப மாட்டும்போது கீழ்த் துளை நேராக வராவிட்டால் மேலே திசை மாறியிருக்கிறது என்று பொருள்.

திரும்ப மாட்டும்போது கை வலிக்கும். தொகுதி நீளமாகிவிட்டது, ஆர்ம் இன்னும் கீழே இறங்கியாக வேண்டும். நீளமான கடப்பாரையை ஆர்மின் மேல் வைத்து ஒருவர் அழுத்த, இன்னொருவர் போல்ட்டை நுழைக்கலாம். இந்த இடத்தில் மட்டும் இரண்டு பேர் அவசியம். ஒருவரின் விரல் துளைக்குள் இருக்கும்போது மற்றவர் கடப்பாரையை விடக்கூடாது. பேசிக்கொண்டே செய்யுங்கள், "விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு விடுங்கள்.

காட்டர் பின் புதியதாக இருக்கட்டும். துளையும் நட்டின் வெட்டும் நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கி நேராக்குங்கள். ஒருபோதும் தளர்த்தி நேராக்க வேண்டாம்.

பிப்ரவரி 11

"யூ போல்ட்டு பார்க்கப் புதிதாகவே இருக்கிறது, பழையதையே போடலாமா?" போடக் கூடாது. பின் ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்கோடு (பட்டை ஸ்பிரிங்) இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டு அது. முதல் முறை முறுக்கும்போதே அதன் புரிகள் நீண்டு வடிவம் மாறிவிட்டன. அது தளர்ந்தால் ஆக்சில் நகரும்.

பிப்ரவரி 12

பின்பக்கம் பார்க்க எளிது. முன்பக்கத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு ஓய்வு போலத் தோன்றும். ஆனால் பிரேக் தொடர்பான விஷயம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சேஸிஸை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியில் தாங்கி, ஷாக்கைக் கீழே கழற்றி, யூ போல்ட்டுகளை எடுத்து ஆக்சிலை மெல்ல இறக்குங்கள். இறக்கும்போது கண் ஆக்சிலுக்கு வரும் பிரேக் ஹோஸின் மேல் இருக்கட்டும். அது விறைக்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். பிராக்கெட்டை இறக்கிவைக்க வேண்டும் அல்லது நீளமான ஹோஸ் வாங்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட்டுத் தலை பிளாக்கின் துளையிலும், பிளாக்கின் முளை ஆக்சில் திண்டின் துளையிலும் உட்கார வேண்டும். உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கும்போது யூ போல்ட்டை முறுக்கினால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும், சிறிது தூரம் ஓடியதும் வழுக்கி இறங்கும். விரலால் தடவிப் பாருங்கள். யூ போல்ட்டு நட்டுகளைக் குறுக்கு மாறாக, படிப்படியாக, டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள். எவ்வளவு என்பது கிட் தாளில் இருக்கும்.

ஒரு பிளாக்கின் மேல் இன்னொரு பிளாக் வைக்கக் கூடாது. முன் ஆக்சிலில் பிளாக் வைக்கவே கூடாது.

இனி ஒளிந்திருக்கும் விஷயம். பல பிக்கப்புகளில், குறிப்பாகச் சற்றுப் பழைய மாடல்களில், பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி போகும். அது ஒரு பிரேக் வால்வை இயக்குகிறது. சுமை ஏறினால் சேஸிஸ் இறங்கும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை அனுமதிக்கும். சுமை இல்லாவிட்டால் குறைக்கும். இப்போது நீங்கள் சேஸிஸை 2 அங்குலம் உயர்த்திவிட்டீர்கள். வண்டி காலியாக இருக்கிறது, காலியைவிடவும் காலியாக இருக்கிறது என்று வால்வு எடுத்துக்கொள்கிறது. முழுச் சுமையுடன் போகும்போதும் பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும்; முன் பிரேக் தேயும், நிற்கும் தூரம் நீளும். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. நண்பரின் வண்டியில் அந்தக் கம்பியின் அடியிலிருந்த பிராக்கெட்டைப் பிளாக்கின் உயரத்துக்கு உயர்த்தி மாட்டினோம். அதற்கான துண்டு சில கிட்களில் வரும், பலவற்றில் வராது. முழுக்க மின்னணு முறையில் பிரேக் விசையைப் பங்கிடும் வண்டிகளில் இந்தக் கம்பி இருக்காது. அடியில் படுத்து ஒரு முறை பாருங்கள்.

பிப்ரவரி 13

ஒருவர் கேட்டிருக்கிறார்: பிளாக்குக்குப் பதில் கூடுதல் பட்டை ஒன்றைச் செருகலாமா, ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டலாமா என்று. கூடுதல் பட்டை உயர்த்தும், ஆனால் ஸ்பிரிங்கைக் கடினமாக்கும். எப்போதும் சுமையோடு ஓடுகிறவருக்கு அது வரம், காலியாக ஓட்டுகிறவரைக் குலுக்கி எடுக்கும். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும்தான் நகர்கிறது. ஆக்சிலும் லேசாகத் திரும்பும். பணம் ஒத்துழைத்தால் முழுப் புதிய லீஃப் செட்டே சிறந்தது. என் வண்டியில் பிளாக்கில் தொடங்கி இப்போது லீஃப் செட்டில்தான் இருக்கிறேன்.

பிப்ரவரி 15

இந்தக் குறிப்பை எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆர்ம்களின் உள்முனையிலும் லீஃப் ஸ்பிரிங்கின் கண்களிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. அது பேரிங் போலச் சுழல்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். சுழல்வதில்லை. நடுவிலிருக்கும் இரும்புக் குழாயைப் போல்ட்டு இறுக்கிச் சேஸிஸோடு அசையாமல் பிடித்துவிடுகிறது. குழாயோடு ஒட்டியிருக்கும் ரப்பர் முறுகுவதால்தான் ஆர்ம் ஏறி இறங்குகிறது. எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறீர்களோ, அந்த நிலையில்தான் ரப்பர் முறுக்கின்றி இருக்கும்.

வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தொங்க, ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வண்டி தரைக்கு வந்ததும் ஒவ்வொரு புஷ்ஷும் முறுகிய நிலையிலேயே நிற்கும். இரவு முழுதும் வண்டி சும்மா நின்றாலும் ரப்பர் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழியும், கிறீச்சிடும். முறுகிய ரப்பர் வண்டியைக் கொஞ்சம் தூக்கியும் பிடிப்பதால் நீங்கள் எடுக்கும் உயர அளவுகூட உண்மையாக இருக்காது.

இது பல கையேடுகளில் இருக்கிறது. யாரும் சொல்லாத மறுபாதி ஒன்று உண்டு. ஸ்பேசர் மாட்டும் வேலையில் ஆர்மின் உள் போல்ட்டுகளை நீங்கள் தொடவே இல்லை. அவை தொழிற்சாலையில் பழைய உயரத்தில் இறுக்கப்பட்டவை. இப்போது வண்டி 50 மி.மீ. உயர்ந்து நிற்கிறது. ஆர்மின் நீளம் 350 மி.மீ. என்று கொண்டால் புஷ்கள் ஏறக்குறைய 8 பாகை நிரந்தரமாக முறுகியிருக்கின்றன. தொடாத போல்ட்டு என்பதால் அதை விட்டுவிடுகிறோம். தொடாததாலேயே அதைத் தளர்த்தி, புதிய உயரத்தில் மறுபடி இறுக்க வேண்டும்.

செய்யும் முறை: சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடிகள் உருட்டி, பம்பரை அழுத்தி ஆட்டி, வண்டி தன் உயரத்தில் அமைந்த பிறகு போல்ட்டுகளை இறுக்குங்கள். அடியில் கை நுழையாவிட்டால் நான்கு சக்கரங்களையும் ஒரே உயரமுள்ள உறுதியான சாய்தளங்களில் ஏற்றிக் கட்டை கொடுத்துக்கொள்ளுங்கள். பின் ஸ்பிரிங்கின் கண் போல்ட்டுக்கும் ஷேக்கிளுக்கும் இதே விதி. ஸ்டெபிலைசர் லிங்க்குகளையும் கடைசியில் இப்படியே மாட்டுங்கள், முறுக்கின்றிச் சுலபமாக உட்காரும்.

பிப்ரவரி 15, இரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பல வண்டிகளில் கீழ் ஆர்மின் உள் போல்ட்டுகளில்தான் அலைன்மென்ட் கேம்கள் (திருப்பினால் சக்கரத்தின் கோணத்தை மாற்றும் தகடுகள்) இருக்கின்றன. அவற்றைத் தளர்த்துவதற்கு முன் கேம் இருக்கும் இடத்தைக் கீறிக் குறியிடுங்கள். அலைன்மென்ட் செய்கிறவர் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே அவற்றைத் தளர்த்தி இறுக்குவதால் கீழ் ஆர்ம் புஷ் அங்கேயே விடுதலை பெற்றுவிடும். மேல் ஆர்மை அவர் தொட மாட்டார். அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கிரீஸ் போட்ட குழாயில் உண்மையாகவே சுழலும் பாலியூரித்தேன் புஷ்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பிப்ரவரி 17

"ஸ்டீயரிங் நேராக இருக்கிறது, சக்கரமும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, அலைன்மென்ட்டுக்கு ஏன் செலவு?"

டோ அளவில் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) வரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். ஓரங்கள் ரம்பப் பல்லாகத் தேயும். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, பொதுவாகக் குறையும். திருப்பத்திலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவது மந்தமாகும், நெடுஞ்சாலையில் வண்டி அலையும். 2 அங்குலம் வரை பெரும்பாலான வண்டிகளில் இருக்கிற கேம்களே சரிசெய்யப் போதும். அதற்கு மேல் போகிறவர்கள் மேல் ஆர்மையே மாற்றிவிடுவது நல்லது. பால் ஜாயின்ட் சாய்வும் காஸ்டரும் சேர்ந்து சரியாகும்.

புதிய வண்டியானால் அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் கோண உணரியைப் பூஜ்ஜியத்தில் அமைக்கச் சொல்லுங்கள். வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சற்றுத் திரும்பியிருப்பதாக அது கருதினால் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு தேவையில்லாத நேரத்தில் பிரேக்கைப் பிடிக்கும். கண்ணாடியில் கேமரா, முகப்பில் ரேடார் உள்ள வண்டிகளில் அவற்றையும் மறுபடி அளவமைக்க வேண்டும்.

பிப்ரவரி 18

முன் டிஃபரென்ஷியலை (இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு அங்குலம் இறக்கும் துண்டுகள் வேண்டுமா என்ற கேள்விக்கு. சிவி ஜாயின்ட்டின் சாய்வைக் குறைக்கும் என்பதால் அவசியம் என்று நீண்ட காலம் வாதாடியிருக்கிறேன். இப்போது 2 அங்குலத்துக்கு அதை வலியுறுத்த மாட்டேன். சாய்வு குறைவது உண்மை, ஆனால் சிறிதளவு. பதிலுக்கு, உயர்த்திப் பெற்ற இடத்தில் கொஞ்சத்தை டிஃபரென்ஷியலின் அடியில் இழக்கிறோம். 3 அங்குலத்துக்கு மேல் பேச்சு வேறு. எப்படியானாலும் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று முதல் சில வாரங்கள் பாருங்கள். உறையைச் சுற்றிக் கிரீஸ் தெறித்திருந்தால் கிழிந்துவிட்டது.

பிப்ரவரி 20

நண்பரின் வண்டியில் வந்த அதிர்வைப் பற்றி. புறப்படும்போது 20 முதல் 40 கி.மீ. வேகம் வரை தரைக்கடியில் ஒரு நடுக்கம். அதைத் தாண்டினால் மறைந்துவிடும். டயர் பேலன்ஸ் கோளாறானால் வேகம் கூடக் கூட அதிகரிக்கும், இது தலைகீழ்.

காரணம், இன்ஜின் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். சிலுவை ஜாயின்ட் சாய்வாகச் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறைகிறது. ஷாஃப்டின் இரு முனைகளிலும் சாய்வு சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும். நீளமான பிக்கப்புகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டு; முன் துண்டு சேஸிஸோடு உயர்ந்துவிட்டது, பின் துண்டு மட்டும் ஆக்சிலை நோக்கி அதிகமாகச் சரிகிறது. நடுவிலிருக்கும் ஜாயின்ட்டின் சாய்வு கூடிவிட்டது. நடு பேரிங்கைச் சேஸிஸிலிருந்து துண்டு கொடுத்துச் சற்றுக் கீழே இறக்கியதும் நடுக்கம் போய்விட்டது. சில வண்டிகளுக்கு ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் 2 பாகை ஆப்புத் தகடு வைக்க வேண்டியிருக்கும். வைப்பதானால் எஃகில் வாங்குங்கள், அலுமினியம் நசுங்கி விரிசல் விடும். கைப்பேசியிலிருக்கும் சாய்வு அளவியை ஷாஃப்டின் மேல் வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் எழுதிவைத்துக்கொண்டால் ஊகத்துக்கு வேலையில்லை.

பிப்ரவரி 22

"லிஃப்ட் போட்டால் பாறையில் டிஃபரென்ஷியல் இடிக்காது" என்று எழுதியவருக்கு: பின் டிஃபரென்ஷியல் ஆக்சிலோடு ஒன்றானது. சேஸிஸை எவ்வளவு உயர்த்தினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. லிஃப்டால் கிடைப்பது சேஸிஸ், படிகள், பம்பர் ஆகியவற்றின் உயரமும் பெரிய டயருக்கான இடமும்.

265/70 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 803 மி.மீ. 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ. விட்டத்தில் பாதி வித்தியாசம், அதாவது 14 மி.மீ. மட்டுமே டிஃபரென்ஷியல் உயரும். வேகமானி 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் ஏறக்குறைய 103.5 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

பிப்ரவரி 23

முன்பக்கத்தை மட்டும் உயர்த்தப் போகிறேன் என்கிறார் இன்னொருவர். ஹெட்லைட்டை நினைவில் வையுங்கள். முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே 3,100 மி.மீ. உள்ள வண்டியில் முன்பக்கம் மட்டும் 50 மி.மீ. உயர்ந்தால், 25 மீட்டர் தூரத்தில் ஒளி 40 செ.மீ.க்கு மேல் உயர்ந்து எதிரில் வருகிறவரின் கண்ணில் விழும். பின்னால் சுமை ஏற்றினால் இன்னும் மேலே போகும். சுவருக்கு முன் நிறுத்தி, வேலைக்கு முன்பே ஒளியின் மேல் விளிம்பைக் கோடு போட்டு வையுங்கள். பிறகு கையேட்டில் உள்ளபடி இறக்கி அமையுங்கள். இதைச் செய்யாமல் இரவில் ஓட்டுவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது.

புரளும் அபாயத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 முதல் தன் மதிப்பீட்டில் பயன்படுத்தும் கணக்கு எளியது: இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 1,540 மி.மீ., ஈர்ப்பு மையம் 700 மி.மீ. என்றால் 1.10. மையம் 40 மி.மீ. உயர்ந்தால் 1.04. எண் சிறிதாகக் குறைந்ததாகத் தோன்றும். திடீரென்று வளைக்கும்போது உணர்வீர்கள். 2 அங்குலத்தோடு நிறுத்தச் சொல்வதற்கு எனக்கு இதுதான் முதற்காரணம். பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் முடித்துவிட்டார். முன்பக்கம் 52 மி.மீ., பின்பக்கம் 50 மி.மீ. உயர்ந்திருக்கிறதாம். மிக நன்றாகச் செய்திருக்கிறார். சில நூறு கிலோமீட்டர் ஓடினால் சில மில்லிமீட்டர் அமர்ந்துவிடும், அளவை அப்போது மறுபடி எடுங்கள்.

முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். யூ போல்ட்டுகள் கட்டாயம் இன்னும் கொஞ்சம் முறுக்கு ஏற்கும். 500 கி.மீ.யில் இன்னொரு முறை.

மார்ச் 3

முன் இடது பக்கத்தில் "கிளிக்" ஒலி வருகிறது என்கிறீர்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வருமானால் முதலில் மேலே அந்த மூன்று நட்டுகளைப் பாருங்கள். ஸ்பேசரில் வண்ணப்பூச்சு தடிமனாக இருந்தால் அது நசுங்கி நட்டு தளர்ந்திருக்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது மட்டும் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க். ஓடிக்கொண்டே திரும்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து தாளமாக வந்தால் சிவி ஜாயின்ட். உடனே ரப்பர் உறையைப் பாருங்கள். மூன்றில் எது என்று எழுதுங்கள். டயர் உள்மட்கார்டில் உரசிய தடம் இருக்கிறதா என்பதையும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கள்.